பொழுது திரும்பிய நாள்

ஆற்றுக்கு மேலே பாறைமேட்டில் ஒருவர் இருந்தார். ஒரு கம்பத்தை நட்டு வைத்து, தினமும் உச்சியில் அதன் நிழல் முடிகிற இடத்தில் ஒரு முளை அடித்து அளப்பது அவருக்கு வேலை. ஊரார் அவரை நிழல்சாமி என்றார்கள். சாமி என்றாலும் சடை கிடையாது, காவி கிடையாது, வயதும் கிடையாது. முப்பதைத் தாண்டி நாலைந்து இருக்கலாம். மாடே இல்லாமல் தினமும் முளை அடிக்கிற ஒரே ஆள் என்று ஊரில் அவரைப் பற்றி ஒரு சிரிப்பு உண்டு. பொழுதைப் பிடித்துக் கட்டிப் போடுகிறாராம்.

சிரித்தவர்கள்தான் விதைக்கிற நேரத்தில் மேடேறிப் போய்க் கேட்டுவிட்டு வருவார்கள்.

அங்காத்தாள் அவரிடம் முதலில் போனது ஆவணியில். அவளுக்கு அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் கூடுதல். ஆடி வெள்ளத்தில் ஆறு அவளுடைய ஒரே மகனைக் கொண்டுபோயிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், ஒரு வருஷம் போகட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் சொன்னால் ஆறுதல். வீடு நிறையப் பேர் அதையே சொன்னபோது அவளுக்கு அது ஒரு பயமாக ஆகிவிட்டது. அந்த ஒரு வருஷத்தை எப்படிக் கடப்பது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் சொல்லவில்லை.

"ஏனுங் சாமி, ஒரு வருஷம்னா எவ்வளவுங்க?"

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சுருள் கயிறு எடுத்து வந்தார்.

"தினமும் உச்சிப்பொழுதுக்கு வந்து இதுல ஒரு முடிச்சுப் போடுங்க அக்கா."

"பன்னெண்டு மாசம்னு எனக்குந் தெரியுமுங்க."

"தெரிஞ்சா எதுக்கு கேட்டீங்க?"

உச்சி வேளை. கம்பத்தைப் பார்த்தாள். இரண்டாள் உயரக் கம்பத்துக்கு நிழலே இல்லை. சுற்றி வந்து பார்த்தாள். தன் நிழலும் காலடிக்குள் ஒடுங்கிக் கிடந்தது.

"நெழலக் காணோமுங்க."

"சூரியன் நேரா தலைக்கு மேல. ஆவணியில ஒரு நாள் இப்படி. இங்கிருந்தே ஆரம்பிச்சுக்கலாம்."

அவள் முதல் முடிச்சைப் போட்டாள்.

அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை. மழையென்றால் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவாள். போகிற வழியெல்லாம் அடுப்பை அணைத்தோமா, கதவைச் சாத்தினோமா, அவர் எழுந்து ஆற்றுப் பக்கம் போயிருப்பாரோ என்று நூறு யோசனை. மேட்டுக்கு வந்ததும் அந்த யோசனைகள் கொஞ்சம் அடங்கும்.

அவர் என்றால் மாரப்பன், அவள் புருஷன். ஆற்றிலிருந்து எடுத்த மகனை எரித்துவிட்டு வந்த புதிதில் ஒன்றிரண்டு பேசிக்கொண்டுதான் இருந்தார். மனிதர்களிடம் இல்லை, மாடுகளிடம். பங்காளிகள் வண்டி கட்டிக்கொண்டு துக்கத்துக்கு வந்த அன்று, வந்தவர்களை வா என்று கேட்காமல், அவர்களுடைய மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, கழுத்தைத் தடவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் நாளுக்கு நாள் குறைந்தது. புரட்டாசியில் தொழுவத்துக்குப் போவதை விட்டார். ஐப்பசியில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார்.

பாறைமேட்டில் நிழல் வடக்கே நீண்டுகொண்டு போனது.

உச்சிப்பொழுது எது என்று எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். அவர் கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். காலையில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கல். சாயங்காலம் வெளியே போகிற இடத்தில் ஒரு கல். இரண்டு கல்லுக்கும் நடுவே கயிறு பிடித்து, கயிற்றைப் பாதியாக மடித்து, அந்த இடத்திலிருந்து கம்பத்துக்கு ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டில் நிழல் விழுவதுதான் உச்சி.

இவ்வளவு சுற்றுவானேன், நிழல் ரொம்பக் குட்டையாக இருக்கிற நேரத்தை நேராகவே பார்த்துவிடலாமே என்றாள்.

"பாருங்க."

மறுநாள் உட்கார்ந்து பார்த்தாள். குறைந்துகொண்டே வந்த நிழல் ஒரு கட்டத்தில் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கண் எரிந்தது. எப்போது திரும்பியது என்று பார்ப்பதற்குள் அது நீள ஆரம்பித்திருந்தது.

"தெரியலீங்களே."

"எனக்குந் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் கயிற்றை மடித்து வைத்தார்.

நாள் என்பதையும் அவர் சொல்லித் தரவில்லை, கையில் கொடுத்தார். அடியில் ஊசித்துளை போட்ட ஒரு செம்பு வட்டில். தண்ணீரில் மிதக்க விட்டால் மெல்ல நிறைந்து முழுகும். ஒரு முழுகலுக்கு ஒரு நாழிகை. ஓர் உச்சியிலிருந்து மறு உச்சிக்கு அறுபது முறை முழுகும். அவள் பதற்றத்தில் பாதியிலேயே எடுத்துவிடுவாள். அது முழுகட்டும் அக்கா என்பார். அறுபதும் எண்ணி முடித்த பிறகு இன்னொன்று சொன்னார். சூரியனுக்குப் பதிலாக ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது மறுபடி அதே இடத்துக்கு வரும்வரை எண்ணினால் அறுபதாவது வட்டில் நிறைவதற்குக் கொஞ்சம் முந்தியே வந்துவிடுமாம்.

"அப்ப எதுங்க நெசமான நாளு?"

"யாரைக் கேக்கறீங்களோ, அவங்க நாளு."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாளைக்கே இரண்டு அளவு என்றால் வருஷத்துக்கு எத்தனை இருக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே இறங்கினாள்.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால், நல்ல மழையில், அவள் மேட்டுக்கு அழுதுகொண்டு வந்தாள். எத்தனையோ வாரமாக வாய் திறக்காத மனுஷன் அன்று கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பில்லை என்றாராம். பெற்ற பிள்ளை போனதற்கு ஒரு வார்த்தை இல்லை, தன்னை ஏன் என்று கேட்க ஒரு வார்த்தை இல்லை, உப்புக்கு மட்டும் வாய் வந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

நிழல்சாமி எல்லாவற்றையும் கேட்டார்.

"முடிச்சுப் போடுங்க அக்கா."

அந்தக் கோபத்தில் அவள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரட்டை முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினாள்.

கார்த்திகையில் அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து வந்தார். கெட்டவர் இல்லை. தங்கை இளைத்துப் போனதைப் பார்த்து வயிறெரிந்தவர். ஆற்றங்கரைக் கோவில் ஒன்றில் இப்படி ஆனவர்களைத் தூணில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள், சாமி விட்டால் வீடு திரும்புவார்கள், விடாவிட்டால் அங்கேயே இருப்பார்கள் என்றார். தை முதல் நாள் பொழுது வடக்கே திரும்புகிற நாள். அதுவரைக்கும் பொறுப்பதாகவும், அன்றைக்கும் மாரப்பன் திரும்பவில்லை என்றால் அவரைக் கோயிலுக்கு ஏற்றிப் போக வண்டியோடு வந்து நிற்பதாகவும் சொன்னார். அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்.

அன்றிலிருந்து அங்காத்தாள் நிழலை வேறு கண்ணால் பார்த்தாள். அது நீண்டுகொண்டே இருந்தால் போதும், திரும்பாமல் இருந்தால் போதும்.

தீபத்தன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த கருகின திரியில் ஒரு துண்டை அன்றைய முடிச்சிலும் ஒரு துண்டை அன்றைய முளையிலும் கட்டினாள். ஏதோ வேண்டுதல். அப்போதெல்லாம் நிழல் நாளுக்கு ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு ஒரு நெல் அளவு. மார்கழியில் முளை அடிக்க இடமில்லை. முதல் நாள் முளையும் மறுநாள் முளையும் ஒன்றை ஒன்று இடித்தன. கருவேல முள்ளை ஒடித்துக் குத்தினார்கள். முள்ளுக்கும் இடமில்லை.

"நெழலுக்கு நுனியே கெடையாதுங்க சாமி. பாக்கப் பாக்கக் கலங்கிப் போகுது."

"ஆமா."

ஒரு நாள் அவர் ஆற்றுக்குப் போயிருந்தபோது, அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அன்றைய முள்ளைப் பிடுங்கிக் கொஞ்சம் வடக்கே தள்ளிக் குத்தினாள். நேற்றைய முள்ளைத் தாண்டி நிழல் இன்னும் நீண்டுகொண்டுதான் போகிறது என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் அவர் முட்கள் அத்தனையையும் பிடுங்கிப் பாறைக்குக் கீழே வீசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் சாமி?"

"திரும்பற எடத்து முள்ளு எதையும் நான் கணக்குல எடுக்கறதில்லைங்க அக்கா."

அந்த வாரம் முழுக்க வானம் மூடிக் கிடந்தது. கம்பத்துக்கு நிழலே விழவில்லை. மூட்டம் விலகிய பிறகும் நிழல் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயந்து, அவள் வந்து முடிச்சை மட்டும் போட்டுவிட்டுப் போனாள்.

தை முதல் நாள். துக்க வீடு என்பதால் பொங்கல் இல்லை. விடிந்து நாலு நாழிகைக்குள் நாச்சிமுத்து வண்டியோடு வந்துவிட்டார். அவள் முகம் கழுவவில்லை. கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு மேடேறினாள். பின்னாலேயே அண்ணனும் ஏறி வந்தார். அவள் எட்டி நடந்து முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

"சாமி, எங்கண்ணன் வண்டியோட வந்திருக்குது. பொழுது இன்னும் திரும்பலைன்னு ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க. ஒரு மாசம் கெடச்சாப் போதும். உங்க வாக்கை ஊரே நம்பும்."

நிழல்சாமி அவளைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார்.

"உச்சி வரட்டுங்க."

நாச்சிமுத்து மூச்சு வாங்க வந்து நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொழுதைக் கட்டிப் போடற ஆளு நீங்கதானுங்களா என்று கேட்டார். கட்டினது அவிழ்ந்துவிட்டதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொன்னால் தான் கிளம்பிவிடுவதாகவும் சொன்னார். சாமி அவருக்கு மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

நிழல் கோட்டுக்கு வந்தது. அதன் கலங்கின நுனி, எல்லாவற்றுக்கும் கடைசி முளையில் இல்லை. எத்தனையோ முளை உள்ளே தள்ளி, ஒரு முளையில் போய் நின்றது. அதில் கருகின திரித்துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அங்காத்தாள் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கயித்தைக் குடுங்க அக்கா. இன்னைக்கு முடிச்சையும் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தாள். அவர் இன்றைய முடிச்சையும் திரி கட்டிய முடிச்சையும் ஒன்றாகச் சேர்த்து விரலில் பிடித்துக்கொண்டு மற்றதைத் தொங்கவிட்டார். நடுக்கயிறு மடிந்து கீழே இறங்கியது. மடிப்பில் இருந்த முடிச்சைத் தொட்டுக் காட்டினார்.

"பொழுது இன்னைக்கும் தீபத்தன்னைக்கும் ஒரே எடத்துல நிக்குது. அப்பப் போயிட்டிருந்துச்சு. இப்ப வந்துட்டிருக்குது. திரும்பினது இங்க."

அவள் முடிச்சை எண்ணிப் பார்த்தாள். வானம் மூடியிருந்த வாரம்.

"மழை மூட்டமுங்களே. அன்னைக்கு யாருமே பாக்கலீங்களே."

"பாக்கலை."

நாச்சிமுத்து எழுந்துவிட்டார். பஞ்சாங்கத்தில் இன்றைக்கு என்றுதானே போட்டிருக்கிறது, அது என்ன பொய்யா என்று கேட்டார்.

"பொய் இல்லைங்க. சூரியன் அதே நட்சத்திரத்துக்கு வந்து சேர்ந்தா வருஷம்னு பஞ்சாங்கம் சொல்லுது. நெழல் அதே முளைக்கு வந்து சேர்ந்தா வருஷம்னு இந்தக் கம்பம் சொல்லுது. ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு நாழிகைகூட இல்லை."

"ஒரு நாழிகைங்கறீங்க. இங்க மூணு வாரத்துக்கு மேல தள்ளி நிக்குது?"

"வருஷத்துக்கு ஒரு நாழிகைதானேன்னு விட்டுட்டாங்க. பாட்டன், பூட்டன், அவங்களுக்கு முன்னால இருந்தவங்க, எல்லாரும்."

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் திரி கட்டிய முளையையே பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். எப்படியோ, பொழுது திரும்பிவிட்டது என்று சாமி வாயாலேயே வந்துவிட்டது, நேரத்தோடு கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் கோயில் போய்ச் சேரலாம் என்று தங்கையிடம் சொன்னார்.

அங்காத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு முடியும் என்று பயந்துகொண்டிருந்த கெடு மூன்று வாரம் முந்தியே முடிந்து போயிருக்கிறது. அது தெரியாமல் இன்றுவரை நிழலைப் பார்க்காமல் முடிச்சை மட்டும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்ப என்ர கெடுவு எப்பவோ தீந்து போச்சுங்களா?"

நிழல்சாமி கயிற்றை அவள் கையில் திரும்ப வைத்தார்.

"மாமா இன்னைக்குக் காலையில என்ன பண்ணுனாரு?"

"அவரு என்னத்தப் பண்ணுவாருங்க. உக்காந்திருந்தாரு."

"அப்புறம்?"

"கன்னுக்குட்டிய அவுத்து விட்டாரு. அப்புறம் அண்ணன் வண்டி வந்துது. வந்த மாட்டுக்குத் தண்ணி காட்டுனாரு."

"பேசுனாரா?"

"மாட்டுகிட்டதானுங்க. கழுத்தைத் தடவிட்டு என்னவோ சொல்லிட்டிருந்தாரு. எங்கிட்ட இல்லை. அண்ணனையும் வான்னு கேக்கலை."

நாச்சிமுத்து ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார். தன்னை வா என்று சொல்லாத மனுஷன் தன் மாட்டைத் தடவிக் கொடுத்ததை அவரும் பார்த்திருந்தார்.

"இதுக்கு முன்னால எப்ப இப்படி இருந்தாரு?"

எப்போதும் இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் கயிற்றைப் பார்த்தாள். பிறகு அதை மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். மார்கழி, கார்த்திகை, ஐப்பசி எல்லாம் கைக்குள் நழுவின. கயிறு தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், நாலாவதோ ஐந்தாவதோ முடிச்சில் நிறுத்தினாள். பங்காளிகளின் வண்டி வந்த நாள்.

நிழல்சாமி இப்போது கை நீட்டவில்லை.

அவளேதான் அந்த முடிச்சையும் இன்றைய முடிச்சையும் ஒன்றாகச் சேர்த்தாள். தொங்கவிட முடியாத நீளம். சேர்த்த முனையை அண்ணன் கையில் கொடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, பிடித்துக்கொண்டார். இரட்டையாகிவிட்ட கயிற்றை விரல்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு அவள் பாறை மேல் நடந்து போனாள். விளிம்புக்குப் பக்கத்தில் மடிப்பு வந்தது.

அதன் அருகில் இரண்டு முடிச்சுத் தள்ளி, மற்றவற்றைவிடப் பெரிதாக ஒன்று உருண்டு கிடந்தது. பல் பட்ட தடம்கூட இருந்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க என்ன அம்மிணி?" என்று நாச்சிமுத்து இங்கிருந்து கேட்டார்.

"அவரு திரும்புன எடம்ண்ணா. அன்னைக்கு உப்பில்லைன்னு சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் கயிற்றின் முனையை விடாமல் நின்றார். கீழே, ஊர் எல்லையில், அவிழ்க்காத வண்டி தெரிந்தது. மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பதும் தெரிந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. கை மட்டும் மாட்டின் கழுத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து நிழல்சாமியிடம் திரும்பினார்.

"ரெண்டு முடிச்சு தள்ளியில்ல இருக்குது. உங்க கணக்கு தப்பா இருந்தா?"

"நெழலுக்கு நுனி கெடையாதுங்க. ரெண்டு முடிச்சு முன்ன பின்ன இருக்கும்."

"அப்ப நான் எதை நம்பி வண்டிய அவுக்கறது?"

சாமி குனிந்து, நாளைக்கு அடிக்க வைத்திருந்த முளையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு உச்சிக்கு வாங்க. நீங்களே அடிங்க."

நாச்சிமுத்து ஒரு கையில் கயிறும் ஒரு கையில் முளையுமாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கயிற்றை மெதுவாகச் சுருட்டிப் பாறை மேல் வைத்துவிட்டு, முளையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். வேகமாக இறங்கவில்லை. பாதி வழியில் நின்று, மாடு ரொம்ப நேரமாக நுகத்தடியிலேயே நிற்கிறது என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

அங்காத்தாள் கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய முடிச்சை அவிழ்க்க முடியுமா என்று விரல் ஒரு தரம் பார்த்தது. விட்டுவிட்டாள்.

"அண்ணன் இருந்துட்டுப் போகும்போல இருக்குதுங்க."

"இருக்கட்டும்."

"நான் இப்ப என்ன பண்ணட்டுங்க சாமி?"

நிழல்சாமி கம்பத்தின் அடியில் இருந்த கல்லைச் சரி செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மூணு பேருக்குச் சோறாக்குங்க அக்கா. உப்பு பாத்துப் போடுங்க."